எட்டு மாதமாகப் பருப்பு வாங்காத அம்மா

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் நல்ல வேலை. அம்மாவுக்கு 63. அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மா மட்டும் அறந்தாங்கி பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் அவர் கணக்கில் போட்டுவிடுகிறேன். பிரஷர் மாத்திரை தவிர அங்கே பெரிய செலவு எதுவும் இல்லை. இருந்தும் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, உங்கம்மாவுக்கு இது தேவையா?" என்று கேட்டார். கூனிக் குறுகிப்போனேன். கார்டில் என் மொபைல் நம்பர் இருப்பதால் கடையில் பில் போட்டால் எஸ்எம்எஸ் எனக்குத்தான் வரும். எட்டு மாதமாகப் பார்க்கிறேன், அரிசி மட்டும்தான் வாங்குகிறார். பருப்பு, பாமாயில், சர்க்கரை எதுவும் இல்லை. இலவசம் என்றால்தான் கை நீள்கிறது. இலவசங்கள் மக்களைச் சோம்பேறியாக்குகின்றன, என் வரிப்பணம் வீணாகிறது என்று நினைப்பவன் நான். என் அம்மாவே இப்படி என்றால் யாரிடம் போய்ப் பேசுவது? அரிசியை விட்டுக்கொடுக்க அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— பெயர் வெளியிட வேண்டாம், கோவை

பதில்:

தம்பி, அம்மா ரேஷன் வாங்குவது அவமானமாக இருக்கிறது என்று இந்தப் பகுதிக்கு வரும் முதல் கடிதம் உங்களுடையதில்லை. வேலை கிடைத்து, கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டார் வந்துபோகத் தொடங்கியதும் பலருக்கு இந்த அவமானம் வந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் மாமனார் பேச்சையும் வரிப்பணத்தையும் ஒதுக்கி வைக்கிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எட்டு மாதமாகப் பருப்பும் பாமாயிலும் வாங்கவில்லை என்று, அதை மறுபடி படியுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஒரு ஆளுக்கு அரைக் கிலோ, கிலோ 25 ரூபாய் கணக்கில் 12 ரூபாய் 50 காசு. மூன்றும் சேர்த்து 67 ரூபாய் 50 காசு. அதே துவரம் பருப்பு வெளியே மளிகைக் கடையில் மூன்று மடங்குக்கு மேல் விற்கிறது. அந்தக் காலத்துக் குடும்பத் தலைவி, ஒவ்வொரு ரூபாயையும் முடிந்து வைத்துச் செலவு செய்து உங்களைப் படிக்க வைத்தவர், இந்த விலைக்குப் பருப்பை வேண்டாம் என்பாரா? இலவசத்துக்கு ஆசைப்படுகிறவர் முதலில் அள்ளுவது அந்தப் பருப்பைத்தான். அதை விட்டுவிட்டு அரிசியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால், கடைக்குப் போகும் நாளில் அவர் கையில் 67 ரூபாய் இல்லை. எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறதா?

கடையில் சரக்கு இல்லாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான், பருப்பும் எண்ணெயும் சில மாதம் தாமதமாக இறங்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். அப்படி ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் போகும். எட்டு மாதம் தொடர்ந்து, மூன்று பொருளுமே இல்லாமல் போகாது. அப்படியே போயிருந்தாலும் 1967 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்து புகார் சொல்ல வேண்டியது, எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்த நீங்கள்தான். எட்டு முறை உங்கள் போனில் உங்கள் அம்மாவின் அடுப்படி தெரிந்திருக்கிறது. நீங்கள் அதை அவர் குணத்துக்குச் சாட்சியாக எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

3,000 அனுப்புகிறேனே என்கிறீர்கள். அனுப்புவது வேறு, அவர் கைக்குப் போய்ச் சேருவது வேறு. ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? வங்கி எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு? அவருக்காகப் பணம் எடுத்துக் கொடுப்பவர் யார், எவ்வளவு எடுத்து எவ்வளவு கொடுக்கிறார்? மகளிர் குழுவில் தவணை ஓடுகிறதா? ஓடினால், அந்தக் கடன் எதற்காக வாங்கியது, உங்கள் கல்யாணத்துக்கா, அப்பாவின் வைத்தியத்துக்கா? போனில் கேட்காதீர்கள். "எல்லாம் இருக்குப்பா, நீ நல்லா இரு" என்றுதான் பதில் வரும். நேரில் போங்கள். பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி ஆறு மாத வரவு செலவைப் பாருங்கள். பருப்பு டப்பாவையும் திறந்து பாருங்கள்.

உணவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண அரிசி அட்டையில் ஒரு ஆள் மட்டும் இருந்தாலும் மாதம் 12 கிலோ அரிசி உண்டு. அவர் நாளைக்கு 300 கிராம் சமைத்தால் 9 கிலோ ஆகும், மிச்சம் இட்லிக்கு. அந்த 300 கிராம் அரிசியில் புரதம் சுமார் 23 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் வேண்டும். பாதிதான் தேறுகிறது. ரேஷன் பருப்பு ஒரு கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 கிராம், அதில் 7 கிராம் புரதம். எண்ணிக்கையில் சிறியது. ஆனால் அரிசிப் புரதத்தில் எது குறைவோ அது பருப்பில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளும். ஒரு முட்டை 6 கிராம், கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம், ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், 46ஐத் தாண்டிவிடும். இந்த வயதில் வெறும் சோறும் ரசமும் ஊறுகாயுமாக எட்டு மாதம் ஓட்டினால் தசை கரையும், முழங்கால் பிடி தளரும், சர்க்கரை ஏறும். பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிறகு நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டப்போகும் பணத்தில் எத்தனை வருடப் பருப்பு வாங்கலாம்!

பாமாயிலைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் தாராளம். பாக்கெட் ஒரு லிட்டர் என்பதால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வாங்கினால் போதும். பருப்பை ஒரு மாதமும் விடக் கூடாது.

அந்த அரிசியைக் கேவலமாக நினைக்கிறீர்கள் என்பதால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டை வாசனை இருந்தால் முதல் தண்ணீரைச் சட்டென்று கொட்டிவிட்டு, மேலும் மூன்று முறை அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தால் நன்றாகவே இருக்கும். ரேஷன் புழுங்கல் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். இந்த அளவில் ஆட்டிய மாவில் இட்லி பூப்போல வரும். களையும்போது சில மணிகள் நிறம் மாறித் தெரியும், மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்கள். போடக் கூடாது. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக்கி, 100க்கு 1 என்ற அளவில் கலந்தது. வடித்த கஞ்சியையும் கொட்ட வேண்டாம், சத்தில் கொஞ்சம் அதில்தான் போகிறது.

இப்போது உங்கள் வரிப்பணத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதை நீதிமன்றத்திலும் சொல்லியிருக்கிறார்கள். 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, இலவச அரிசி வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களோடு நிற்க வேண்டும், இலவசங்கள் மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டன என்ற பொருளில் கருத்துச் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 12 கிலோ அரிசிக்காக யாரும் வேலையை விட மாட்டார்கள். அரிசி மட்டும் இருந்தால் கேஸ் வருமா, மாத்திரை வருமா, பஸ் டிக்கெட் வருமா?

ஏழைக்கு மட்டும் கொடுப்போம் என்று மத்திய அரசு 1997இல் பிரித்துப் பார்த்தது. அந்தக் கணக்கில் மும்பை தாராவியில், நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போய் நிறைந்திருக்கும் அந்தத் தாராவியில், 1997-98இல் வறுமைக்கோட்டு அட்டை பெற்ற குடும்பங்கள் வெறும் 151 என்று பொருளாதார அறிஞர் மதுரா சுவாமிநாதன் எழுதியிருக்கிறார். தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்கு ஒப்பவில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் 2016 நவம்பரில் வந்தபோதும், எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை.

ஏன் எல்லோருக்கும் என்பதற்கு உங்கள் அம்மாவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. நாளைக்கு ஒரு அதிகாரி பட்டியல் எடுத்தால் முதல் பக்கத்திலேயே அவர் பெயரை அடித்துவிடுவார். சொந்த வீடு, கோவையில் சம்பாதிக்கும் மகன், மாதா மாதம் வங்கியில் வரவு. காகிதத்தில் அவர் வசதியானவர். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு அவர் மனுப் போட்டாலும், ஆதரவற்றவர் என்று வருவாய்த்துறை சொன்னால்தான் கிடைக்கும். நீங்கள் இருக்கிற வரைக்கும் சொல்லாது. மகனின் சம்பளச் சீட்டைக் கேட்காமல் அவருக்குச் சோறு போட்ட ஒரே இடம் அந்த ரேஷன் கடை. அதையும் நிறுத்துவதற்கு வழி கேட்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில் தெரியாமல் இல்லை. பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் விட்டுக்கொடுக்கும் வசதி இருக்கிறது. அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக்கலாம், எப்பொருளும் வேண்டாத அட்டையாகவும் மாற்றலாம். ஆனால் திரும்பி வருவது லேசில்லை. சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக்க 2019 நவம்பரில் அரசு வாய்ப்புக் கொடுத்தது போல மறுபடி அறிவித்தால்தான் உண்டு. உங்கள் வேலை போனாலோ, நீங்களே அனுப்புவதை நிறுத்திக்கொண்டாலோ அவர் எங்கே போவார்? கோவையில் உங்கள் பெயரில் இருக்கும் கார்டை விட்டுக்கொடுங்கள், அது உங்கள் உரிமை. அம்மாவின் கார்டில் கை வைக்காதீர்கள்.

பெற்றவளைக் காப்பது மகனின் கடமை என்று நம்புகிறவள் நான், அதை மறைத்துப் பேச எனக்கு வராது. அரசு அரிசி கொடுக்கிறது என்பதால் அந்தக் கடமை ஒரு பிடி குறையாது. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் நான்கும் பிள்ளைகள் பொறுப்பு. கோட்டாட்சியரிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் இல்லாமலே மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு வாங்கலாம். உங்கள் அம்மா போக மாட்டார். மாமனார் முன்னால் உங்கள் தலை குனியக் கூடாது என்று நினைக்கிற பெண் எப்படிப் போவார்?

செய்ய வேண்டியது இதுதான். சம்பளம் வந்ததும் முதல் செலவு அம்மாவுடையதாக இருக்கட்டும். மாதக் கடைசியில் அனுப்பி, ஒன்றாம் தேதிக்குள் அவர் கையில் ரொக்கமாக இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது ஐம்பதும் நூறுமாக ஓராயிரம் ரூபாயைத் தனியாக டப்பாவில் போட்டு வைத்துவிட்டு வாருங்கள். 500 ரூபாய்த் தாளுக்கு ரேஷன் கடையில் சில்லறை கிடைக்காமல் பருப்பை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. கார்டில் மொபைல் நம்பரை அவருடையதாக மாற்றுங்கள். வாங்காத பொருளுக்குப் பில் விழுந்தாலும் அவருக்கே தெரிய வேண்டும். வேலை செய்து தேய்ந்த விரலுக்குக் கைரேகை பதியாமல் திருப்பி அனுப்பினால், கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத நிலை வந்தால் நம்பகமான ஒருவர் பெயரில் அங்கீகாரப் படிவம் கொடுத்து அவர் மூலம் வாங்கலாம். பிரஷர் மாத்திரைக்குக் கடையில் காசு கொடுக்கிறாரா என்றும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அது வீட்டுக்கே இலவசமாக வருகிறது. அதையும் இலவசம் என்று வேண்டாம் சொல்லிவிடாதீர்கள்.

மாமனாருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது: "தேவைதான் மாமா, தப்பு என் மேல." அடுத்த முறை அவர் ஊருக்கு வரும் நாளில் ரேஷன் கடை திறந்திருந்தால் அம்மாவோடு நீங்களும் போங்கள். தனி ஆள் கார்டு என்பதால் விரல் அவர்தான் வைக்க வேண்டும். பையை நீங்கள் தூக்கிக்கொண்டு வாருங்கள்.