துளசி விதை முளைக்கவில்லை, முளைத்தாலும் சாய்ந்துவிடுகிறது

கேள்வி: துளசி விதையை இரண்டு முறை போட்டேன். முதல் முறை ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை முளைத்து, ஒரே வாரத்தில் எல்லா நாற்றும் சாய்ந்துவிட்டன. நன்றாக வளர்ந்துவிட்டால் தினமும் எத்தனை இலை சாப்பிடலாம்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: முதல் முறை விதையை ஆழமாகப் புதைத்திருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். துளசி விதை கடுகைவிடச் சின்னது. விரல் நுனியால் குழி தோண்டிப் போட்டால் மேலே வருவதற்குள் அதிலிருக்கும் சத்து தீர்ந்துவிடும். ஈரமான மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, சலித்த மட்கிய உரத்தை விதை மறைந்தும் மறையாமலும் தெரிகிற அளவுக்குத் தூவினால் போதும். குவளையால் தண்ணீர் ஊற்றாதீர்கள், விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு ஓரத்தில் சேர்ந்துவிடும். தெளிப்பான்தான் சரி. 20 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் 1 முதல் 2 வாரத்தில் முளை தெரியும். குளிர்காலத்தில் போட்டிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

விதையும் பழையதாக இருந்திருக்கலாம். செடியிலேயே காய்ந்து பழுப்பான கதிராகப் பார்த்துப் பறித்து, ஒரு காகிதத்தின் மேல் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிடுங்கள். பூவின் உறை ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 4 விதை இருக்கும். கதிர் பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பறித்தால் வெறும் உமிதான் மிஞ்சும்.

இரண்டாவது முறை நடந்தது நாற்றழுகல். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: இலை பச்சையாகவே இருக்கும், மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி நூல் மாதிரி இளைத்திருக்கும். மண்ணில் இருக்கும் பூஞ்சைகளின் வேலை இது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, அந்த மண்ணையே திரும்பப் பயன்படுத்தவும் வேண்டாம். அடுத்த முறை நெருக்கமாகத் தூவாமல், அடியில் துளையுள்ள தொட்டியில் போடுங்கள், ஈரம் காயாமலிருக்கத் தொட்டியை மூடி வைத்திருந்தால் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துக் காற்று படும்படி வையுங்கள், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர் தெளியுங்கள். முதலில் வரும் இரண்டும் விதையிலைகள்தான், அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் இன்னும் நான்கு இலை வந்ததும் தனித்தனியாகப் பிரித்து நடலாம்.

ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் வெடிக்கும். கதிர் வரவரக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பாவம் பார்த்து விட்டுவைத்தால் செடி விதை கட்டுவதிலேயே குறியாகி, இலை சிறுத்து, தண்டு விறகாகிவிடும். பல ஆண்டுச் செடிதான் என்றாலும் சில வருடத்தில் அடி முற்றிவிடும் என்பதால், விதைக்கென்று ஓரிரண்டு கதிரை மட்டும் விட்டுவையுங்கள். உறைபனியைத் தாங்காது, அந்தச் சமயத்தில் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

சரி, இலைக்கு வருவோம். மாத்திரை எடுக்காதவராக இருந்தால் நாலைந்து இலையைக் கிள்ளிச் சுடுதண்ணீரில் போட்டு, வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடாமல் மூடிவைத்து, 5 நிமிடம் கழித்துக் குடியுங்கள் என்று சொல்லிவிடுவேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்குமேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் விஷயம் வேறு. துளசியின் கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜெனால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். அதனால் மருத்துவரைக் கேட்காமல் தினசரி வழக்கமாக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அப்படித்தான். நாற்றுக்கு எப்படியும் சில வாரம் ஆகும், அதற்குள் கேட்டுவிடலாம்.