டெக்சாஸ் பள்ளியில் பெற்றோருக்கு என்ன வேலை?

தம்பி, நீங்கள் கேட்டவை மூன்று. வீட்டில் பேசும் மொழி எது என்ற படிவத்தில் 'தமிழ்' என்று எழுதினால் மகளை ஒதுக்கி உட்காரவைப்பார்களா? இரண்டாம் வகுப்பில் சேர்ந்தவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறாள், டீச்சரோ 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்கிறார். அதற்கு மேல் நாம் வாய் திறக்கலாமா? ஜனவரியில் மைத்துனர் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் திருச்சி போய் வரலாமா?

டாலஸ் வட்டாரத்தில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற பேச்சே கிடையாது. பள்ளி நடத்துவது மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு பணம் கொடுக்கும், அந்தப் பணத்தோடு நிபந்தனைகளையும் கட்டி அனுப்பும். பெற்றோரின் உரிமைகளில் பாதி அந்த நிபந்தனைகளில் இருக்கிறது, மீதி மாநிலச் சட்டத்தில். டெக்சாஸ் கல்விச் சட்டத் தொகுப்பின் 26ஆம் அத்தியாயம் முழுவதும் பெற்றோரின் உரிமைகளும் கடமைகளும்தான்.

முதலில் படிவம். 'இங்கிலீஷ் என்று போட்டுவிடு, தொல்லை இல்லை' என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்காதீர்கள். வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். எழுதினால் நான்கு வாரத்துக்குள் அவளுடைய ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். போதவில்லை என்றால் ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி தருவார்கள். பெரும்பாலும் மற்ற பிள்ளைகளோடுதான் படிப்பாள். உதவி வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்திட்டு மறுக்கலாம். ஆனால் மறுத்தாலும் டெல்பாஸ் என்ற ஆங்கிலத் தேர்வை, தேறி வெளியேறும் வரை ஆண்டுதோறும் எழுதத்தான் வேண்டும். அதனால் மறுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை; தேர்வு மட்டும் மிஞ்சும், உதவி போய்விடும். படிவம் ஒரே ஒரு முறை நிரப்புவது, பிள்ளையின் கோப்பிலேயே தங்கிவிடும். திருத்த வேண்டுமானால் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள், அதுவும் சோதனைக்கு முன்பே, திருத்தியாக வேண்டும்.

இந்த உதவி சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்காடிப் பெற்றது. புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே புத்தகம்தானே கொடுத்தோம் என்று பள்ளி சொல்ல முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாசிப்பு விஷயத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இந்த மாநிலத்தில் பாலர் வகுப்பின் முடிவிலும் முதல் வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் டிஸ்லெக்சியா (எழுத்துக்கூட்டி வாசிப்பதில் திணறவைக்கும் கற்றல் குறைபாடு) பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் மகள் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து இறங்கியவள். அந்த இரண்டு வாய்ப்பும் அவளுக்குத் தவறிவிட்டன. 'ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்' என்ற ஆறுதலை நீங்கள் அடிக்கடி கேட்கப்போகிறீர்கள். சரியாகவும் ஆகலாம். ஆனால் ஆங்கிலம் புதிது என்ற காரணத்தைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டில் ஒரு தமிழ்ப் பாலர் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பு தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தும் அதிலும் இதே திணறல் என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. பள்ளியிடம் அதைச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாசலில் டீச்சரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாய்ப்பேச்சுக்குக் கெடு கிடையாது. பள்ளி முதல்வருக்கோ பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். 'என் மகளுக்குச் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன், டிஸ்லெக்சியாவும் அதில் அடங்க வேண்டும்' என்று இரண்டு வரி போதும். அன்றிலிருந்து 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். நீங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டால் பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அதன்பின் ஏ.ஆர்.டி. குழு கூடும்; பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி வேண்டுமா, எப்படி என்று முடிவெடுக்கும் குழு அது. அதில் நீங்களும் ஓர் உறுப்பினர், வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மனைவிக்கு ஆங்கிலம் பழக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் செலவு. நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்களால் பேச முடியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான மத்தியச் சட்டம் 1975இலேயே வந்துவிட்டது. இருந்தும் 2004 வாக்கில் டெக்சாஸ் மாநிலக் கல்வித் துறை, சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது போல் ஓர் அளவுகோலை வைத்தது. பள்ளிகள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் இது சட்டமீறல் என்று மத்தியக் கல்வித் துறையே அறிவித்தது. 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிய பெற்றோர் அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

கேள்வி கேட்டால் விசாவுக்கு ஆபத்தோ என்ற பயம் வேண்டாம். குடியேற்ற அனுமதியே இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இதே டெக்சாஸின் டைலர் ஊர் வழக்கில்தான். நம் ஊரிலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நீங்களும் நானும் பிள்ளையைச் சேர்த்த தனியார் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. கட்டணம் கட்டிவிட்டுப் பள்ளி வாசலுக்கு வெளியே நின்ற பழக்கம் விமானத்தில் கூடவே வந்துவிடுகிறது.

உங்கள் பள்ளி 'டைட்டில் ஒன்' நிதி பெறுவதா என்று விசாரியுங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு 1965 முதல் வரும் பணம் அது. கையெழுத்திட்டவர் ஜனாதிபதி ஜான்சன். இளமையில் தெற்கு டெக்சாஸின் கொட்டுல்லாவில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். அந்தப் பணம் வாங்கும் பள்ளி பெற்றோரோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டும், ஆண்டுக்கொரு கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டம் பெரும்பாலும் காற்று வாங்கும். பீட்சா கொடுத்துக்கூடப் பார்க்கிறார்கள். நீங்கள் போனால் முதல்வர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார். மதிப்பீட்டுக் கடிதம் அனுப்பும்போது அது உதவும்.

கல்யாணம். இங்கே வருகைப்பதிவு கல்வி மட்டுமல்ல, காசும்கூட. பிள்ளைகளின் சராசரி வருகையை வைத்துத்தான் மாநிலம் பள்ளிக்குப் பணம் தருகிறது. ஊர்க் கல்யாணத்தைப் பெரும்பாலும் ஏற்கத்தக்க காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 90 சதவீத வருகை இல்லாவிட்டால் அந்த வகுப்பின் இறுதி மதிப்பெண்ணே சிக்கலாகும். ஆறு மாதத்துக்குள் காரணமில்லாமல் 10 நாள் வராவிட்டால் பெற்றோர் மீது வழக்குப் போட்டு அபராதம் விதிக்கவும் சட்டம் இருக்கிறது. ஐந்து வாரம் என்றால் ஏறக்குறைய 25 பள்ளி நாள். மதிப்பீடு வேறு நடுவில் நிற்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் நாளில் மூவருமாகக் கிளம்புங்கள். கல்யாணத் தேதி ஜனவரியில் தள்ளி விழுந்தால் மனைவியும் மகளும் விடுமுறையோடு திரும்பட்டும், நீங்கள் இருந்து முடித்துவிட்டு வாருங்கள். மைத்துனரின் கல்யாணம் என்பதால் மனைவி இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்றால், ஆட்களை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையோடு திரும்புவது நீங்களாக இருங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் வருகைப்பதிவு அலுவலகத்தில் தேதிகளைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.