மூக்குச் சதைக்குள் எலும்பு: ரிப்போர்ட்டில் இப்படி வந்தால் புற்றுநோயா?

அப்பாவுக்கு மூக்கில் வளர்ந்த சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியதில் உள்ளே எலும்பு இருப்பதாக வந்திருக்கிறது, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் என் அம்மாவின் ரிப்போர்ட்டில் இதையே படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதில் ‘ஆஸியஸ் மெட்டாபிளேசியா’ (சாதாரணத் திசு எலும்பாக மாறுவது) என்று மட்டும் எழுதியிருந்தால், அது புற்றுநோய் இல்லை.

அம்மாவுக்கு இடது மூக்கு மட்டும் அடைத்திருந்தது. சளிதான் என்று ஆவி பிடித்தே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது சதைக்கு நடுவே வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சாதாரண மூக்குச் சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்; ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்த வெள்ளை பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எலும்பிலிருந்தே கிளம்பிய கட்டியாக இருக்கலாம், மூக்கின் உட்சவ்வில் வளரும் இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோப் (மூக்குக்குள் விடும் மெல்லிய கேமராக் குழாய்) வழியாக எடுத்து பயாப்ஸி பார்த்த பிறகுதான் தெளிவு வந்தது. அந்த ரிப்போர்ட்டும் தாமதமானது. எலும்பு கலந்த துண்டை அப்படியே மெல்லியதாகச் சீவ முடியாதாம். அமிலம் போன்ற கரைசலில் ஊறவைத்து சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டுமாம். அது தெரியாமல் வீட்டில் நாங்கள் என்னென்னவோ நினைத்துக் கலங்கினோம்.

சதையில் எலும்பு எப்படி வரும்? சைனஸின் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக்குள் இருக்கும் காற்றறையின்) உட்சவ்வு நாள்பட்ட அழற்சியால் வீங்கித் தொங்குவதுதான் மூக்குச் சதை. அழற்சி நீடிக்கும்போது சுரக்கும் சில புரதங்கள், அங்கே இருக்கும் இணைப்புத் திசுச் செல்களை எலும்பு கட்டும் செல்களாக மாற்றிவிடுகின்றன என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். பக்கத்து எலும்போடு ஒட்டாமல் சதைக்குள்ளேயே தனியாக உருவாகும். சிலருக்கு அதற்குள் மஜ்ஜைகூட இருக்கும். மூக்கில் இது அபூர்வம். தைராய்டு, பெருங்குடல் பாலிப், கருப்பையின் உட்சவ்வு ஆகியவற்றிலும் இதே மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். நாள்பட்ட சைனஸ் அழற்சியில் சைனஸைச் சுற்றியுள்ள எலும்புச் சுவரே தடித்துப்போவது வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட்டை எடுத்து, செல்களில் புற்றுக்குரிய மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். அப்பாவுக்கும் ஒரு பக்கம் மட்டும்தானா, சதை முழுவதையும் எடுத்துவிட்டார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எடுத்த எலும்பைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். சதைதான் திரும்ப வளரக்கூடியது, அழற்சி உள்ளேயே இருப்பதால். அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுவதும் இன்னும் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப் போட்டுப் பார்க்கிறார்கள்.