கோடு ‘லீன்’ என்கிறது, பிளக் கரி பிடித்திருக்கிறது: எதை நம்புவது?

கேள்வி: என்னுடையது 20 வருடப் பழைய பெட்ரோல் கார். செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம். இரண்டே வாரத்தில் மறுபடி அதே லைட், அதே கோடு. மைலேஜ் நன்றாகக் குறைந்துவிட்டது. சைலன்சரில் பெட்ரோல் வாடை வருகிறது. பிளக்குகளைக் கழற்றினால் நான்கிலும் கரி. புது சென்சாரும் போய்விட்டதா? இன்னொன்று வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்து எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதாவது ‘லீன்’ என்று பொருள். பிளக்கில் கரி என்றால் பெட்ரோல் அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. பிளக் எரிகிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பது. நான் அதைத்தான் நம்புவேன். அப்படியானால் சென்சாருக்குத் தவறான புகை போகிறது, அல்லது சென்சார் அனுப்புவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் வேக்யூம் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கோடு வரும். ஆனால் அப்போது பிளக் இப்படிக் கருக்காது.

சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஆக்சிஜன் அதிகமென்றால் சுமார் 0.1 வோல்ட், குறைவென்றால் சுமார் 0.9 வோல்ட். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவை 0.45 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மின்னழுத்தம் தாழ்ந்தே கிடந்தால் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று இசியு கூட்டிக்கொண்டே போகும். இதற்குமேல் கூட்ட வழியில்லை என்ற எல்லையைத் தொட்டதும் பி0171 பதிவாகும். உங்கள் மைலேஜ் போன வழி அதுதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, சென்சாருக்கு முன்னால் புகை கசிகிறதா என்பது. எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருந்தால் புகை வெளியே வருவதோடு நிற்காது. புகை துடிப்பு துடிப்பாகத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறிவிடும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனைத்தான் சென்சார் கணக்குச் சொல்கிறது.

ஒரு காருக்கு நானே அடுத்தடுத்து இரண்டு சென்சார் மாற்றியிருக்கிறேன். இரண்டு முறையும் கோடு திரும்பி வந்தது. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம். மூன்றாவது முறை வண்டியை இரவு முழுக்க விட்டுப் போகச் சொன்னேன். காலையில் ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயான மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. இரும்பு சூடேறி விரிந்து, விரிசலை ஏறக்குறைய மூடிவிட்டது. சத்தம் அடங்கியதே தவிர, கசிவு முழுதாக நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமுடி அளவு விரிசல், அதை ஒட்டி மங்கலான கரித் தடம். பகலில் சூடாக வந்து நின்ற வண்டியில் இது எப்படித் தெரிந்திருக்கும்? நீங்களும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே கேளுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட், குழாய் இணைப்புகள், சென்சார் திருகியிருக்கும் இடம் எல்லாவற்றிலும் கரித் தடம் தேடுங்கள்.

எஞ்சின் மிஸ் அடித்தாலும் இதே ஏமாற்றம்தான். எரியாத சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சார் அதையும் ‘லீன்’ என்றே சொல்லும். நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கசிவும் மிஸ்ஸிங்கும் இல்லையென்றால் டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுங்கள். நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர், சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு, பெரும்பாலும் வெள்ளை. மற்ற இரண்டில் கருப்பு சிக்னல், சாம்பல் நிறம் கிரவுண்டு என்பது வழக்கம். ஆனாலும் உங்கள் வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில கார்களில் ஏர்-ஃப்யூவல் சென்சார் இருக்கும். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. மீட்டரை ஓம் நிலையில் வைத்து சிக்னல் வயரைத் தொடவே கூடாது. மீட்டர் செலுத்தும் மின்சாரம் சென்சாரைக் கெடுத்துவிடலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கப்ளரை (வயர்கள் சேரும் இணைப்பை) கழற்றாமல் சிக்னல் வயரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி, 2500 ஆர்பிஎம்மில் வைத்துப் பாருங்கள். எண் நிலைகொள்ளாமல் ஏறி இறங்க வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள்: 0.8-ஐத் தாண்டணும். காலை எடுங்கள்: 0.2-க்குக் கீழே விழணும். இரண்டும் உடனுக்குடன் நடந்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் அதைத் தொடாதீர்கள். சோம்பலாக ஏறி இறங்கினால் சென்சார் தேய்ந்துவிட்டது. அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்க முனையில் அளந்து பாருங்கள். அங்கே உயிர் இருந்தால், கப்ளரிலிருந்து இசியு வரை போகும் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. பழைய வண்டியில் சூடான குழாய்மேல் சாய்ந்து வயரின் மேலுறை உருகியிருப்பது சாதாரணம்.

பி0135 வந்தால் அது ஹீட்டர் சுற்று. முதலில் ஃப்யூஸைப் பாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கப்ளருக்குள் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடிக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த வயரின் உள்வழியாகவே இழுக்கின்றன. ஸ்பிரேயும் கிரீஸும் அந்த வழியை அடைத்தால் நல்ல சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். கேஸ்கட்டுக்கு சிலிகான் பேஸ்ட் பூசினால் ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள். மற்றவற்றின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைச் சாகடிக்கும்.

வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்குப் பல சென்சார் வாங்கலாம். பழுதைச் சரிசெய்ததும் பிளக்குகளைச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூவல் டிரிம், அதாவது இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா பாருங்கள். நின்றால் இப்போது போட்டிருக்கும் சென்சாரே போதும்.