ஜன்னலில் கேமரா தெரிகிறது, வெளியே நிற்பவன் தெரியவில்லை

வீட்டுக்குள் எரியும் லைட்டைக் குறையுங்கள், வெளியே நிற்பவன் மேல் லைட் போடுங்கள். உங்கள் ஏலகிரி குறும்படத்தில், ராத்திரி வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியே எடுக்கும்போது, வெளியே நிற்கும் முகமூடிக்காரனுக்குப் பதில் உங்கள் கேமராவே கண்ணாடியில் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இதுதான் தீர்வு. லென்ஸை மாற்றிப் பயனில்லை.

வெளியே கும்மிருட்டு, உள்ளே ட்யூப்லைட். அப்படி இருந்தால் ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். சந்தேகம் இருந்தால் உள்லைட்டை அணைத்துவிட்டு, வெளியே இருப்பவரை டார்ச்சைத் தன் முகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஆள் பளிச்சென்று தெரிந்தால் கோளாறு இதேதான்.

வேலூர் அருகே அமிர்தி பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் எடுத்தபோது எங்களுக்கும் இதே தலைவலி. சபரிமலைக்குக் கட்டும் கருப்பு வேட்டி இரண்டை கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டு, நடு இடுக்கில் லென்ஸை மட்டும் நீட்டினோம். பிம்பம் போயே போச்சு. வெளியே லைட்டைப் பக்கவாட்டில் வைத்தோம். பாதி முகம்தான் தெரிந்தது, முழு முகத்தைவிட அதுதான் வயிற்றைக் கலக்கியது.

போலரைசர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர், வாங்கச் சொல்வார்கள். கேமரா கண்ணாடிக்குச் சாய்வாக இருந்தால்தான் அது உதவும், நேருக்கு நேர் வைத்தால் வீண். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல், தின்றுவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். முகமூடியும் கோடரியுமாக ஓர் ஆள் ராத்திரி தோட்டத்தில் நிற்கப்போகிறார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் காவல் நிலையத்துக்கும் பகலிலேயே சொல்லிவிடுங்கள்.