செடான் தெரிந்தவரின் ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பனும் 1940 பிரான்ஸ் போரை வரைபடத்தில் காய் வைத்து ஆடுகிறோம். பிரான்ஸை யார் எடுத்தாலும் பெல்ஜியத்துக்குள் காலே வைப்பதில்லை. ஏழாவது படையை, ஜெர்மனி உண்மையில் உடைத்துக்கொண்டு வந்த எல்லை நகரமான செடானுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். ஜெர்மனி ஆர்டென் காட்டைத் தாண்டி வந்து அங்கேயே முட்டி நிற்கிறது. ‘பிரெஞ்சுப் படை முதல் சுற்றில் பெல்ஜியத்தின் டைல் ஆற்றுக்குப் போயே ஆகவேண்டும்’ என்று ஒரு விதி வைக்கலாம் என்றேன். ‘அப்படியென்றால் நான் எதற்கு, இரண்டு பக்கத்தையும் நீயே நகர்த்திக்கொள்’ என்கிறான். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. நோயைச் சரியாகப் பிடித்தவர் நீங்கள், மருந்துதான் தவறு.

இப்படிப்பட்ட கட்டாயங்களுக்கு ஆட்டக்காரர்களிடையே ‘முட்டாள் விதி’ என்றே பெயர். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி காம்லான் பெல்ஜியத்துக்குள் போய்ச் செய்த பிழையை நீயும் செய் என்கிற விதி. அவரோ பிழை என்று எண்ணி அதைச் செய்யவில்லை. 1940 ஜனவரி 10 அன்று வழிதவறிய ஜெர்மன் விமானம் ஒன்று பெல்ஜியத்தில் இறங்கியது. அதில் சிக்கிய தாள்கள், தாக்குதல் பெல்ஜியம் வழியாகத்தான் வரும் என்றன. முன்னால் போனால் பெல்ஜியத்தின் இருபது சொச்சம் டிவிஷன்கள் கூடச் சேரும். சண்டையும் பிரான்ஸின் வடக்கு ஆலைகளுக்கு வெளியே நடக்கும். ரீம்ஸ் பக்கம் சேமப்படையாக இருந்த ஏழாவது படையை ஹாலந்தின் பிரெடா வரை அனுப்பியதுதான் அதிகப்படி. பிரெஞ்சு ஜெனரல் ஜார்ஜ் அதை அப்போதே ஆட்சேபித்தார்.

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட உங்கள் மேசையில் இல்லை. எதிரியின் பான்சர்கள் (டாங்கிப் படைகள்) எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பிரெஞ்சு ஆட்டக்காரருக்குக் கண்ணாலேயே தெரிகிறது. பெல்ஜியத்தைக் கைவிட்டால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பிறகு ஏன் போவார்?

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. வரலாறே படிக்காத ஒருவரை உட்காரவைத்தாலும் பின்னறிவு, அதாவது நடந்தது தெரிந்தபின் வரும் அறிவு, மேசையில் இருக்கும், ஏனென்றால் அது காய்களிலேயே அச்சாகியிருக்கிறது. பான்சர் காயின் நகர்வு எண், அது மே 1940-இல் உண்மையில் ஓடிய தூரத்தைப் பார்த்துப் போட்டது. செடான் வழியாக ஓடும் மியூஸ் நதியைக் கடக்கக் கனரகப் பீரங்கிகள் வந்து சேரும்வரை ஜெர்மானியர் காத்திருப்பார்கள் என்பது பிரெஞ்சுத் தலைமையின் கணக்கு. விமானக் குண்டுவீச்சைப் பீரங்கியாக்கி அவர்கள் மே 13 அன்றே கடந்தார்கள். உங்கள் ஆட்டக்காரரோ கட்டங்களை எண்ணியே எந்தச் சுற்றில் எதிரி ஆற்றங்கரைக்கு வருவான் என்று சொல்லிவிடுவார்.

ஆகவே கையைக் கட்டாதீர்கள், கண்ணைக் கட்டுங்கள். ஒரு சுற்று இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஜெர்மனியிடம் பத்து பான்சர் டிவிஷன்கள். உண்மையில் ஏழு ஆர்டென் பக்கம் ‘அ’ படைத்தொகுதியிலும் மூன்று வடக்கே ‘ஆ’ தொகுதியிலும் இருந்தன. தொடக்கத் திட்டத்தில் வடக்குதான் கனம். எனவே ஏழு–மூன்றா, மூன்று–ஏழா, ஐந்து–ஐந்தா என்பதை ஜெர்மன் ஆட்டக்காரரே ரகசியமாக முடிவுசெய்யட்டும். பத்துக் காய்களோடு ஆறு வெற்றுக் காய்களையும் சேர்த்துக் கவிழ்த்து வையுங்கள். எதிரிக் காயை ஒட்டி வந்தாலோ தாக்கினாலோதான் திருப்ப வேண்டும். பிரான்ஸுக்குச் சுற்றுக்கு ஒரு வேவு விமானம் கொடுங்கள். பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் ஓர் அடுக்கைத் திருப்பிப் பார்க்கலாம். (ஆர்டெனில் நீண்ட வண்டித் தொடர்களை விமானிகள் பார்த்துச் சொல்லியும் மேலிடம் நம்பவில்லை. மற்ற எண்களை அந்த நம்பாமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

இதோடு நிறுத்தினால் ஆட்டம் கெடும். வடக்கே போனால் ஜெர்மனிக்கு லாபம் இல்லையென்றால் அவர் எப்போதும் ஆர்டெனைத்தான் எடுப்பார் என்று பிரெஞ்சுக்காரர் ஊகித்துவிடுவார். காய்களைக் கவிழ்த்தும் பயனில்லை. ஆண்ட்வெர்ப்புக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் மூன்று மூன்று வெற்றிப்புள்ளி வையுங்கள். இரண்டாம் சுற்று முடிவில் டைல் கரையில் பிரெஞ்சுப் படை எதுவும் இல்லையென்றால், மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு பெல்ஜிய டிவிஷனுக்கும் பகடை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் அது சரணடைந்தது. இது கட்டளை இல்லை, விலை. கொடுக்க விரும்புகிறவர் பின்னால் நிற்கட்டும்.

அடுத்தது தாமதம். வான்சேன் கோட்டையில் இருந்த காம்லானின் தலைமையகத்தில் வானொலித் தொடர்பே இல்லை. சேமப்படைக்கான உத்தரவைப் பிரெஞ்சுக்காரர் ஒரு சுற்று முன்பே சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும்: சுற்று எண், படை, போய்ச்சேரும் ஊர். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த சுற்றில் ‘நான் வேறு எழுதினேன்’ என்று சண்டை வரும். தாமதத்தை இரண்டு சுற்றாக்காதீர்கள். ஜெர்மனி கடற்கரையைத் தொடும்வரை பிரெஞ்சுக்காரர் வேடிக்கைதான் பார்ப்பார்.

காயின் பலத்தை மறைக்கவும் வழியுண்டு. 1976-இல் வந்த ‘பான்சர்குருப்பே குடேரியன்’ ஆட்டத்தில் சோவியத் டிவிஷன்களின் பலம் முதல் சண்டைவரை அவற்றின் சொந்தக்காரருக்கே தெரியாது. செடானைக் காத்த பிரெஞ்சு ரிசர்விஸ்ட் டிவிஷன்களுக்கு இதைத் தாராளமாகப் பொருத்தலாம்.

மூன்றாவது ஆள் கிடைத்தால் இதில் பாதி தேவைப்படாது. 1824-இல் ரைஸ்விட்ஸ் பிரஷ்யப் படைக்கு வகுத்த ஆட்டத்தில் நடுவர்தான் எல்லாம் அறிந்தவர். யாருக்கு எது தெரியவேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பார்.

கணினி ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’-இல் வரலாற்று வழிப்படி நடக்கும் தேர்வைப் போட்டுவிட்டால் நாட்காட்டியே உங்கள் ஒற்றன். அதை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்.

நான் சொன்ன புள்ளிகளும் பகடை எண்களும் தொடக்கத்துக்குத்தான். ஐந்தாறு ஆட்டம் ஆடிவிட்டு ஜெர்மன் ரகசியச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஏழு–மூன்று என்றே இருந்தால் ஆண்ட்வெர்ப்பின் புள்ளியை ஒன்று கூட்டுங்கள்.