தள்ளிப் பாக்குறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க: பாப்பா வண்டி பத்தி வாசகிகள் கேட்டவை

கேள்வி (ஒரு வாசகி, செங்கோட்டை): அக்கா, எனக்கு பொம்பளப் பிள்ளை, இப்ப 7 மாசம். வீட்டுக்காரருக்கு புனலூர்ல வேலை, அதனால மாசத்துல ரெண்டு தடவையாவது ரயில்ல ஆரியங்காவு வழியா போயிட்டு வாரோம், அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல இருந்து ஃப்ளைட்ல மும்பைக்கு தங்கச்சி வீட்டுக்கும் போகணும். மடக்குற ஸ்ட்ரோலர் ஒண்ணு வாங்கலாம்னு ஆன்லைன்ல பாத்தா எல்லாத்துலயும் லைட்வெயிட்னுதான் போட்டிருக்கு, எதை எடுக்கன்னே தெரியல. சாயங்காலம் தெருவுல நடத்திட்டு வரவும் அதே வண்டிதான் வேணும், ரெண்டு வண்டி வாங்க முடியாது. பட்ஜெட் எட்டாயிரம். எங்க அத்தை வேற "நாங்கல்லாம் இடுப்புல வச்சே வளக்கலையா, இது எதுக்கு"ன்னு கேக்காங்க.

பதில்: அத்தை கேட்டது நியாயமான கேள்விம்மா, அதுக்கு மொதல்ல சொல்லிட்டு வண்டிக்கு வாரேன். 7 மாசப் பொம்பளப் பிள்ளை சராசரியா ஏழரை கிலோ இருக்கும், ஒரு வயசுல ஒம்பது கிலோ பக்கம் வந்துரும். அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள அத்தை, சித்தி, மதினின்னு நாலு இடுப்பு இருந்துச்சு, பிள்ளை மாறி மாறிப் போகும். இப்ப உங்க ஒரு இடுப்புதான், கூடவே டயப்பர், தண்ணி, மாத்துத்துணி எல்லாம் அடைச்ச பை ஒண்ணு, அதோட ரயில் ஏறி இறங்கி ஆட்டோ பிடிக்கணும். அத்தைகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, அவங்களுக்குத் தெரியாத முதுகுவலியா.

இப்ப வண்டி. நான் மூத்தவனுக்கு வாங்குனப்போ கடையில வழவழன்னு டைல்ஸ் தரையில தள்ளிப் பாத்து, ஆஹா என்னமா ஓடுதுன்னு பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன், பன்னெண்டு கிலோ கிட்ட இருக்கும். மொத பயணத்துலயே ஒரு ஸ்டேஷன்ல மேம்பாலப் படிக்கட்டு அடியில நின்னுட்டேன், ஒரு தோள்ல பிள்ளை, ஒரு கையில பை, வண்டியை மடக்க ரெண்டு கை வேணும், எனக்கு மூணாவது கை எங்க இருக்கு? யாரோ ஒரு அண்ணாச்சி வந்து வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டு வச்சாரு, அவருக்கு இன்னைக்கும் மனசுல நன்றி சொல்லுதேன். அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது என்னன்னா நம்ம ஊருப் பக்கம் இது பாதி தள்ளுற வண்டி, பாதி தூக்குற வண்டி. பஸ் படி, ரயில் படி, மேம்பாலம், வீட்டு நடை, கோயில் வாசல், எல்லா இடத்துலயும் தூக்கித்தான் ஆகணும். அதனால கடைக்குப் போனா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே ஒத்தைக் கையால வண்டியை மடக்கிப் பாருங்க, மடக்குனதைத் தூக்கி பத்துப் படி ஏறிப் பாருங்க. அது முடிஞ்சா மட்டும் தள்ளிப் பாருங்க.

இந்த மடக்குற வண்டியே ஒரு தாத்தா தன் பேத்திக்காக யோசிச்சதுதான். ஓவன் மக்லாரன்னு இங்கிலாந்துக்காரர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கரம் உள்ள மடங்குற பாகத்துல வேலை செஞ்ச இன்ஜினியர். மக வெளிநாட்டுல இருந்து கைக்குழந்தையும் கனமான வண்டியுமா படாதபாடு பட்டு வந்ததைப் பாத்துட்டு, அலுமினியக் குழாய்ல குடை மாதிரி மடங்குற வண்டி ஒண்ணு செஞ்சு 1965-ல பேட்டன்ட்டுக்குப் போட்டாரு. எடை மூணு கிலோவுக்குள்ள.

இப்ப கடையில ரெண்டு விதம் பாப்பீங்க. ஒண்ணு அந்தக் குடை மாதிரி மடங்குறது, மடக்குனா ஒல்லியா ஒரு மீட்டர் நீளக் கட்டு மாதிரி ஆயிரும், விலையும் குறைவு, ரயில்ல கீழ் பெர்த்துக்கு அடியில நீளவாக்குல போட்டுரலாம், ஆனா மடக்க பெரும்பாலும் ரெண்டு கையும் ஒரு காலும் வேணும், அதுவா நிக்காது, எங்கயாவது சாத்தி வைக்கணும். இன்னொண்ணு மூணா மடிஞ்சு பெட்டி மாதிரி ஆகுறது, அரை மீட்டர் சொச்சம்தான் நீளம், ஆறு ஏழு கிலோ இருக்கும், தானா நிக்கும், நல்ல மாடல்னா ஒத்தைக் கையில மடங்கும். உங்க போக்குவரத்துக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன். எட்டாயிரத்துக்குள்ள உள்ளூர் பிராண்டுகள்லயே கிடைக்கும், வெளிநாட்டு பிராண்டுக்கு மூணு மடங்கு குடுக்கணும்னு அவசியமே இல்ல.

ஆனா இதுல ஒரு குறை இருக்கு, அதை மறைக்காம சொல்லிருதேன். வண்டி சின்னதா மடங்கணும்னா சக்கரமும் சின்னதா இருந்தாகணும், அஞ்சு ஆறு இஞ்ச்தான் இருக்கும். ஏர்போர்ட்ல, மால்ல பட்டு மாதிரி போகும். நம்ம தெருவுல பேவர் பிளாக் பேந்த இடம், ஸ்பீடு பிரேக்கர், சாக்கடை மேல போட்ட கம்பி வலை, இதுல முன்சக்கரம் மாட்டி நின்னா பிள்ளை முன்னாடி குனிஞ்சிரும். அதுக்கு மூணு விஷயம் பாருங்க. முன்சக்கரத்தை நேரா லாக் பண்ண வசதி இருக்கணும், கரடுமுரடான ரோட்டுல லாக் போட்டுட்டா ஆடாது. சக்கரத்துக்கு மேல ஸ்பிரிங் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. அப்புறம் பள்ளமோ படியோ வந்தா முன்னாடி இடிச்சு ஏத்தாம, வண்டியைத் திருப்பி பின்சக்கரம் மொதல்ல ஏறுற மாதிரி இழுங்க.

கடையில காலி வண்டியைத் தள்ளிப் பாக்குறதுல ஒண்ணும் தெரியாது. பிள்ளையை உக்கார வச்சுப் பாருங்க, தூங்குதுன்னா அஞ்சு கிலோ அரிசிப் பை ரெண்டை வச்சு பெல்ட் போட்டு ஒத்தைக் கையால தள்ளுங்க. ஒரு பக்கமா இழுத்தா வேண்டாம். வீட்டுக்காரரையும் தள்ளச் சொல்லுங்க, நெட்டையான ஆளுன்னா கைப்பிடி தாழ்ந்து போய் குனிஞ்சுக்கிட்டே நடக்கணும், கால் பின்சக்கரத்துல இடிக்கும். பிரேக்கையும் செருப்பு போட்டுக்கிட்டே போட்டு எடுத்துப் பாருங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சில வண்டியில பிரேக்கை எடுக்க கால் விரலால மேல தூக்கணும், ஷூ போட்டவங்களுக்கு செஞ்சது, நம்ம செருப்புக்கு நகம் பேந்துரும். அமுக்குனா பிடிக்கணும், திரும்ப அமுக்குனா விடணும், அதுவும் ஒரே அமுக்குல ரெண்டு பின்சக்கரமும் நிக்கணும்.

பெல்ட் அஞ்சு முனை உள்ளதா இருக்கணும், அதாவது ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, கால் இடுக்குல ஒண்ணு. கால் இடுக்கு பட்டை இல்லைன்னா பிள்ளை சறுக்கிக் கீழ போயிரும், கழுத்து மாட்டிக்கும், அதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. பைக்கட்டைக் கைப்பிடியில தொங்கவிடவே கூடாது, லைட் வண்டி, பிள்ளையைத் தூக்குன உடனே பின்னாடி கவுந்துரும், பிள்ளை உள்ள இருக்கும்போது கவுந்தா இன்னும் மோசம். கனத்தை அடியில உள்ள கூடையில வைங்க. மடக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை எட்ட இருக்கட்டும், 2009-ல அமெரிக்காவுல கீல்ல பிள்ளைங்க விரல் நசுங்கித் துண்டானதால ஏறக்குறைய பத்து லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. விரிச்ச பிறகு லாக் டக்குன்னு விழுந்துச்சான்னு காதால கேட்டுட்டுதான் உக்கார வைக்கணும்.

ரயிலைப் பத்தி ஒண்ணு. பிளாட்பாரத்துல பிரேக் போட்டு, வண்டி தண்டவாளத்தைப் பாத்து இல்லாம தண்டவாளத்துக்கு இணையா நிக்கணும், பிளாட்பாரம் லேசா சரிவா இருந்தா நமக்குக் கண்ணுல தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். ரயில் வர்றதுக்கு முன்னாடியே மடக்கிருங்க, பிள்ளையை வண்டியில வச்சே தூக்கி ஏத்தாதீங்க. மடக்குனதை வாசப் பக்கம் வைக்காதீங்க, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் வரும்போது பெட்டியில உள்ள எல்லாரும் அதைப் பாக்க எந்திரிச்சு வாசலுக்குத்தான் வருவாங்க, தட்டிக்கிட்டே இருக்கும்.

ஃப்ளைட்டுக்கு "கேபின் சைஸ்"னு எழுதியிருக்குறதை நம்பி ஏமாறாதீங்க. உள்நாட்டு ஃப்ளைட்ல கைப்பைக்கு பெரும்பாலும் 7 கிலோ, 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர்தான் அளவு, இந்தப் பெட்டி மாதிரி மடங்குற வண்டியில பிரபலமானதே மடக்குனா 52க்கு 44க்கு 18 வருது, 44 எங்க, 35 எங்க. உள்ள விடுறதும் விடாததும் அங்க நிக்குறவங்க கையில. ஆனா பெரும்பாலும் ஸ்ட்ரோலரை விமான வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போய் டேக் கட்டி அங்க குடுத்துரலாம், டிக்கெட் போடும்போதே கேட்டுக்கோங்க. எங்க திரும்பக் கிடைக்கும், விமான வாசல்லயா, இல்ல லக்கேஜ் வர்ற பெல்ட்லயான்னும் கேளுங்க. செக்யூரிட்டியில பிள்ளையைத் தூக்கிட்டு வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில போடச் சொல்லுவாங்க, அங்கயும் அந்த ஒத்தைக் கை மடக்குதான் காப்பாத்தும். குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க, கழட்டுற சாமானை எல்லாம் பைக்குள்ள போட்டுருங்க.

ஆன்லைன்ல வாங்குனா வந்த அன்னைக்கே எடை போட்டு, டேப் வச்சு அளந்துருங்க, திருப்பி அனுப்புற நாள் முடியிற வரைக்கும் அட்டைப்பெட்டியைத் தூரப் போடாதீங்க. சில பேரு மேல்கூரை, கூடை எல்லாம் கழட்டிட்டு உள்ள எடையைப் போட்டிருப்பாங்க.

கேள்வி (புளியரையில இருந்து இன்னொரு வாசகி): என் பையனுக்கு 3 மாசம். மதினி ஒரு குடை மாதிரி மடங்குற வண்டி குடுத்தாங்க, அவனை அதுல உக்கார வைக்கலாமா? வெயில்ல மேல சேலைத்துணி போட்டு மூடிக்கலாமா?

பதில்: இப்ப வேண்டாம்மா. கழுத்து நல்லா நின்னு, தானா உக்கார வர்ற வரைக்கும், சுமார் ஆறு மாசம் வரைக்கும், நிமிந்து உக்கார்ற வண்டி ஆகாது. தலை முன்னாடி தொங்குனா தாடை நெஞ்சுல பட்டு மூச்சு முட்டும், அது சத்தமே இல்லாம நடக்கும். முழுசா படுக்கையா சாயுற வண்டின்னா அட்டையில எத்தனை மாசத்துல இருந்துன்னு பாத்துட்டு பயன்படுத்தலாம். இப்போதைக்கு துணித்தொட்டிலும் உங்க தோளும் போதும், வண்டியைத் துடைச்சு எடுத்து வைங்க, மூணு மாசம் ஓடுனதே தெரியாது.

மேல துணி போட்டு மூடவே மூடாதீங்க, இதைக் கெஞ்சிக் கேக்கேன். ஸ்வீடன்ல 2014-ல சோதனை பண்ணிப் பாத்தாங்க, வெயில்ல வச்ச வண்டியில மெல்லிசு துணி போட்டு மூடுனதும் உள்ள 22 டிகிரி இருந்தது அரை மணி நேரத்துல 34 ஆயிருச்சு. ஸ்வீடன் வெயிலே அப்படின்னா நம்ம பங்குனி வெயிலை நினைச்சுப் பாருங்க. கூரை பெருசா உள்ள வண்டி, ஒரு குடை, காலையில எட்டு மணிக்குள்ள இல்லைன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. பிளாஸ்டிக் மழைக்கவரும் அதே மாதிரிதான், சாரல் விட்ட உடனே கழட்டிருங்க.

கேள்வி (தென்மலையில இருந்து ஒரு அம்மா): பெரியவனுக்கு ரெண்டு வயசு, சின்னவளுக்கு அஞ்சு மாசம். டபுள் ஸ்ட்ரோலர் வாங்கலாமா?

பதில்: பக்கத்துல பக்கத்துல உக்கார்ற டபுள் வண்டி முக்கால் மீட்டர் அகலம் வரும், கடை வாசல்ல நுழையாது, மடக்குனாலும் ஆட்டோவுல இடிக்கும். சின்னவளை கேரியர் பையில நெஞ்சோட கட்டிக்கிட்டு பெரியவனை ஒத்தை வண்டியில வைங்க. ஆறு மாசத்துல அவன் நடக்கணும்னு அடம் பிடிப்பான், வண்டி தங்கச்சிக்கு வந்துரும்.

கேள்வி (ஆரியங்காவுல இருந்து ஒரு வாசகி): எங்க பக்கம் மழை ஓயாது, போன பிள்ளைக்கு வாங்குன வண்டி பரண்ல கிடந்து பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. சரி பண்ணி பயன்படுத்தலாமா, இல்ல செகண்ட் ஹேண்டுல வேற பாக்கட்டுமா?

பதில்: மொதல்ல துணி தனியா கழண்டு வருதான்னு பாருங்க, வந்தா வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டுத் துவைச்சு வெயில்ல ரெண்டு நாள் நல்லாக் காயப் போடுங்க, வாடை போயிருச்சுன்னா துணி சரி. பெல்ட்டை மட்டும் தனியா இழுத்து இழுத்துப் பாருங்க, நூல் இத்துப் போயிருந்தா, பக்கிள் ஒரு தடவையாவது தானா கழண்டா அந்த வண்டியை விட்டுருங்க. ஃப்ரேம் அலுமினியமா இருந்தாலும் ஆணியும் ஸ்பிரிங்கும் இரும்புதான், மடங்குற இடத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்து, லாக் போட்டு அரிசிப் பையை வச்சு குலுக்கிப் பாருங்க. செகண்ட் ஹேண்டு எடுத்தாலும் இதே சோதனைதான். இனிமே மழையில நனைஞ்சு வந்தா மடக்கி வைக்காம விரிச்சபடியே ஃபேன் அடியில விட்டுருங்க, சக்கரத்துல ஒட்டுன சேறு, முடி எல்லாம் எடுத்துட்டு மறுநாள் மடக்குனா போதும். பரண்ல ஏத்துறதா இருந்தா பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, பழைய வேட்டியில சுத்தி வைங்க.